பழைய புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்களை வீட்டிலேயே திறந்து சீரமைப்பது எப்படி: யாங்கோனிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்களில் கெட்டுப்போவது பெரும்பாலும் அவற்றிலுள்ள மலிவான பொருள்கள்தான். காந்தமும், அதன் இடுக்கில் அசையும் கம்பிச்சுருளான காயிலும், காகிதக் கூம்பும் நாற்பது ஆண்டுகள் கழித்தும் நல்ல நிலையில் இருக்க, கூம்பைச் சட்டத்தோடு இணைக்கும் ஃபோம் வளையமும், உள்ளேயிருக்கும் கெப்பாசிட்டரும் (மின்தேக்கி), பெட்டியின் மூட்டுப் பசையும், பின்புறத்து வயர் கிளிப்பும் மட்டும் வீணாகியிருக்கும். ஆகவே சீரமைப்பு என்பது எது கெட்டிருக்கிறது என்று கண்டுபிடித்து அதை மட்டும் மாற்றி, மற்றவற்றைத் தொடாமல் விடும் வேலை. இணையத்தில் பார்த்ததையெல்லாம் மாற்றத் தொடங்கியவர்களின் ஸ்பீக்கர்கள் திறக்கும் முன் இருந்ததைவிட மோசமாக ஒலித்ததை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

ஜப்பானிலிருந்து கப்பலில் வந்திறங்கும் பழைய பொருள்களை விற்கும் கடைகள் யாங்கோனில் ஏராளமாக இருப்பதால், நல்ல ஸ்பீக்கர்கள் நம் கைக்கு எளிதாகக் கிடைக்கின்றன. அவற்றை வாங்குவோர் அடிக்கடி கேட்கும் ஐயம் ஒன்று உண்டு: ஜப்பானிய மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது 230 வோல்ட், அப்படியானால் ஸ்பீக்கருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டுமா? வேண்டாம். ஆம்ப்ளிஃபையர் ஜப்பானியதாக இருந்தால் அதற்குக் கட்டாயம் வேண்டும். சாதாரண ஸ்பீக்கரோ சுவர் மின்சாரத்தோடு தொடர்பே இல்லாதது.

நான் இங்கே எடுத்துக்கொள்ளும் ஜோடி, அனோரத்தா சாலைக்கு அருகே நான்காம் மாடியில் குடியிருக்கும் என் மாமா வீட்டில் இருந்தது. “என்ன மாப்பிள்ளை, பாட்டுப் போட்டா தகர டப்பாவுக்குள்ள ஆளு பாடுற மாதிரி இருக்கு” என்று அவர் சொன்னதே எனக்குக் கிடைத்த முதல் நோய்க்குறிப்பு. கீழ்ச்சுருதி (பாஸ்) முற்றிலும் போய்விட்டது என்பதை அந்த ஒரு வாக்கியம் காட்டிவிட்டது.

வேலைக்கு ஏற்ற காலம்

இவ்வூரில் மே மாத நடுவிலிருந்து அக்டோபர் வரை மழை; ஆண்டுக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் பெய்கிறது. அந்த ஈரக்காற்றுதான் ஃபோம் வளையங்களின் முதல் எதிரி. பாலியூரித்தேன் ஃபோம், காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து மெல்ல மெல்லச் சிதைகிறது. ஸ்பீக்கரைப் பாட விடாமல் அலமாரியில் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தாலும் அது சிதையும். பசையும் வார்னிஷும் காய்வதற்கும் மழைக்காலம் ஏற்றதல்ல. ஒரு ஜூலை மாதத்தில் அவசரப்பட்டு நான் ஒட்டிய வளையம் மூன்றாம் நாளும் விரலில் பிசுபிசுத்தது. அதைப் பிய்த்தெடுத்து மீண்டும் ஒட்ட நேர்ந்தது. நவம்பர் முதல் பிப்ரவரி வரையுள்ள மாதங்களே இதற்குச் சரியானவை. மின்வெட்டு எந்த மாதத்திலும் வரும் என்பதால் சால்டரிங் வேலையைப் பகல் வெளிச்சத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

திறப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை

மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து ஸ்பீக்கரின் பின்புற முனைகளில் தொட்டுப் பாருங்கள். 8 ஓம் என்று எழுதப்பட்ட ஸ்பீக்கர் ஏறத்தாழ 5.5 முதல் 7 வரை காட்டும். 4 ஓம் ஸ்பீக்கர் 3 முதல் 3.6 வரை காட்டும். இந்த அளவு பெரும்பாலும் கீழ்ச்சுருதியை ஒலிக்கும் பெரிய கூம்பான வூஃபரை மட்டுமே குறிக்கும். மேல்சுருதியை ஒலிக்கும் சிறிய ட்வீட்டருக்கு முன்னால் இருக்கும் கெப்பாசிட்டர் நேர்மின்சாரத்தைத் தடுத்துவிடுவதால், ட்வீட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்த பிறகுதான் தனியாக அளக்க முடியும்.

அடுத்து வூஃபரின் கூம்பை, நான்கு விரல்களையும் நடுக்குமிழைச் சுற்றிச் சம தூரத்தில் வைத்து, மிக மெதுவாக உள்ளே அழுத்தி விடுங்கள். சத்தமில்லாமல் போய் வந்தால் காயில் நலம். மணல் அரைப்பதுபோல் உரசினால் காயில் நடுவிலிருந்து விலகியிருக்கிறது அல்லது கருகியிருக்கிறது என்று பொருள். பிறகு வளையத்தை விரல் நுனியால் தொடுங்கள். ரப்பர் என்றால் மெத்தென்று வளையும். துணி என்றால் நெசவு தெரியும். கெட்டுப்போன ஃபோம் விரலோடு ஒட்டிக்கொண்டு கறுப்பு மாவாக உதிரும். மாமாவின் ஸ்பீக்கரில் வளையத்தின் பாதி ஏற்கெனவே இல்லை. முன்பக்கத் துணி மூடியை எடுத்ததும் பெட்டியின் அடியில் கருந்தூளாகக் கிடந்தது.

திறத்தல்

முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்து, இடம், வலம் என்று பெட்டிகளில் காகிதம் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். மேசையில் தடித்த துண்டை விரித்து, பெட்டியை முதுகுப் பக்கமாகப் படுக்க வையுங்கள். மேசையில் இரும்புத்தூள், ஆணித்துண்டு எதுவும் இருக்கக் கூடாது. காந்தத்தின் இடுக்கில் ஒரு துணுக்கு புகுந்துவிட்டால் ஒட்டுநாடாவை மடித்து விட்டு அதை வெளியே இழுப்பதற்குள் பொறுமை தீர்ந்துவிடும்.

இந்த வேலையில் மிக அபாயமான கருவி ஸ்க்ரூடிரைவர். வூஃபரின் காந்தம் அதைப் பக்கவாட்டில் திடீரென்று இழுக்கும். நான் முதன்முதலில் ஸ்பீக்கர் திறந்த நாளில் கடைசித் திருகு தளர்ந்த கணத்தில், கை சற்றே லேசானதும், முனை வழுக்கிக் கூம்பின் நடுவே நுழைந்துவிட்டது. காகிதம் கிழிந்த அந்தச் சிறு சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து, இடது உள்ளங்கையைக் கூம்பின் மேல் தொடாமல் கவிழ்த்துப் பிடித்தபடியே வலது கையால் திருகுகிறேன். கூம்பின் மேல் ஒரு தடித்த அட்டையை வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. கிழிந்துவிட்டாலும் கவலை வேண்டாம்: மெல்லிய காகிதத் துண்டொன்றில் மரப்பசை தடவிப் பின்பக்கம் ஒட்டினால் ஒலியில் வேறுபாடு தெரியாது.

எல்லாத் திருகுகளையும் எடுத்த பிறகும் வூஃபர் அசையாமல் இருப்பது வழக்கம். அடியில் காற்றுக் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் பல ஆண்டு வெப்பத்தில் ஒட்டிப்போயிருக்கும். ஓரிடத்தில் நெம்பினால் பெட்டியின் முன்பலகை பிளக்கும். மழுங்கிய மெல்லிய கத்தியைச் சட்டத்தின் ஓரமாகச் சுற்றிலும் சிறிது சிறிதாகச் செருகி வாருங்கள். பெட்டியில் காற்றுத்துளை இருந்தால் அதன் வழியே மரக்குச்சியை விட்டுச் சட்டத்தைப் பின்னாலிருந்து தள்ளலாம், காந்தத்தை இடிக்காதீர்கள். வெளியே வந்ததும் எந்த நிற வயர் எந்த முனையில் இருந்தது என்று படமெடுத்த பிறகே கழற்ற வேண்டும்.

உள்ளே பஞ்சு இருக்கும். அது கண்ணாடி இழையாக இருந்தால் முகமூடியும் கையுறையும் இல்லாமல் தொடக் கூடாது. பஞ்சின் அளவு பெட்டியின் ஒலியை நிர்ணயிப்பதால், எடுத்த அத்தனையையும் பையில் போட்டு வையுங்கள். இடம் பெட்டியின் பஞ்சு வலத்துக்குப் போகக் கூடாது. நம் ஊர்ப் பெட்டிகளில் கரப்பான் முட்டையும் எறும்புப் புற்றும் இருப்பது சாதாரணம். மண் கோடுகள் தெரிந்தால் அது கரையான். அப்போது பலகையை ஆணியால் குத்திப் பார்த்து, மெத்தென்று உள்ளே போனால் அந்தப் பெட்டியைக் காப்பாற்ற நினைக்காமல், அதே உள்ளளவில் பிளைவுட்டில் புதிய பெட்டி செய்துகொள்வதே புத்திசாலித்தனம்.

ஃபோம் வளையத்தை மாற்றுதல்

புதிய வளையம் வாங்குவதற்கு ‘ஆறு அங்குல வூஃபர்’ என்று சொன்னால் போதாது. நான்கு அளவுகள் வேண்டும்: வளையம் சட்டத்தில் ஒட்டும் பகுதியின் வெளி விட்டம், அதன் உள் விட்டம், கூம்பின் விட்டம், வளையத்தின் வளைவு அகலம். மில்லிமீட்டர் கணக்கில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பழைய வளையம் கூம்பின் மேற்புறம் ஒட்டியிருந்ததா, அடிப்புறமா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பலரும் மறப்பது இதைத்தான். ஒன்று மட்டும் கெட்டிருந்தாலும் இரண்டு ஸ்பீக்கர்களிலும் மாற்ற வேண்டும், இல்லையேல் இரண்டும் இரண்டு விதமாக ஒலிக்கும். என் பார்சல் வந்த நாளில் மாமா வீட்டுப் பால்கனியிலிருந்து தெருவுக்குத் தொங்கும் கயிற்றின் கிளிப்பில் மாட்டி மேலே இழுத்தோம். அதே போன்ற காகிதக் கிளிப்புகள் பின்னால் ஒட்டுவேலைக்கும் உதவின.

பழைய ஃபோமின் எச்சத்தை அகற்றுவதுதான் உண்மையான உழைப்பு. சட்டம் உலோகமாக இருப்பதால் அங்கே மழுங்கிய உளியால் சுரண்டலாம். கூம்பு காகிதம், அங்கே ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் அளவாகத் தொட்டு, சில நொடி ஊறவிட்டு, விரலாலேயே உருட்டி எடுக்க வேண்டும். பசை முழுவதும் போக வேண்டியதில்லை. பரப்பு மேடு பள்ளமின்றி இருந்தால் போதும். காகிதம் நனைந்து தளர்ந்தால் நிறுத்திக் காயவிடுங்கள். ஒரு வூஃபருக்கு எனக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆனது.

ஒட்டுவதற்கு, காய்ந்தபின் நிறமற்றதாகிச் சற்று வளையும் வெள்ளைப் பசையே தொடக்கக்காரருக்கு நல்லது. ஒட்டியபின் சில நிமிடம் நகர்த்திச் சரிசெய்ய இடம் கொடுக்கும். நொடியில் இறுகும் சூப்பர் குளூ வகை இந்த வேலைக்கு ஆகாது: ஒருமுறை பிசகினால் திருத்த வழியில்லை, ஒட்டிய கோடும் விறைத்துப் போகும். முதலில் வளையத்தைக் கூம்போடு மட்டும் ஒட்டி, ஓரத்தை விரலால் சுற்றிச் சுற்றி அழுத்தி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். வெளி ஓரத்தைச் சட்டத்தோடு ஒட்டுவது மறுநாள் வேலை.

அந்த மறுநாள் வேலையில்தான் காயில் சரியாக நடுவில் நிற்க வேண்டும். காயிலுக்கும் காந்தத்துக்கும் இடையிலுள்ள இடைவெளி கால் மில்லிமீட்டர் போலத்தான் இருக்கும். சிலர் நடுக்குமிழைப் பிளேடால் வெட்டித் திறந்து, பழைய ஃபிலிம் நெகட்டிவ் கீற்றுகளை நான்கு பக்கமும் செருகி நடுப்படுத்துவார்கள். பெரிய வூஃபருக்கு அதுவே உறுதியான முறை. ஐந்து, ஆறு அங்குல வூஃபரில், உள்ளே மஞ்சள் நிறத்தில் மடிப்பு மடிப்பாக இருக்கும் ஸ்பைடர் துணி நல்ல நிலையில் இருந்தால், குமிழை வெட்ட வேண்டியதில்லை என்பது என் கருத்து; காயிலை நடுவில் பிடித்திருப்பது அந்தத் துணி, வளையம் அதை ஒரு பக்கமாக இழுக்காமல் இருந்தால் போதும்.

அதற்கு எளிய வழி உண்டு. கைப்பேசிச் செயலியிலிருந்து 20 முதல் 30 ஹெர்ட்ஸ் வரையான ஒலியை ஆம்ப்ளிஃபையர் மூலம் மிகக் குறைந்த அளவில் நேராக வூஃபருக்குக் கொடுங்கள். கூம்பு இரண்டு, மூன்று மில்லிமீட்டர் முன்னும் பின்னும் அசைவது கண்ணுக்குத் தெரியும். காதுக்கு ஏதும் கேட்கக் கூடாது. சட்டத்தில் பசை தடவி, வளையத்தின் வெளி ஓரத்தைப் படியவிட்டு, காதை அருகே வைத்துக் கேளுங்கள். ‘சர்ர்’ என்று உரசும் ஒலி வந்தால் வளையத்தை ஒரு பக்கம் மயிரிழை நகர்த்துங்கள். ஒலி மறைந்ததும் ஆம்ப்ளிஃபையரை அணைத்து, எட்டுப் பத்து இடங்களில் கிளிப்பால் பிடித்து, 24 மணி நேரம் தொடாமல் வையுங்கள். மாமா இந்தக் கட்டத்தில் மூச்சுவிடுவதையே நிறுத்தியிருந்தார்.

வளையம் ரப்பராக இருந்தால் ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. எண்ணெய், டயர் பாலிஷ் எதுவும் பூசாதீர்கள். ட்வீட்டரில் துணிக்குமிழ் உள்ளே அமுங்கியிருந்தால் ஒட்டுநாடாவால் மெதுவாக இழுத்து எடுக்கலாம். உலோகக் குமிழ் என்றால் அப்படியே விட்டுவிடுங்கள்.

கிராஸ்ஓவரும் கெப்பாசிட்டரும்

பெட்டியின் பின்பலகையில் திருகியிருக்கும் சிறு பலகைதான் கிராஸ்ஓவர்; அது கீழ்ச்சுருதியை வூஃபருக்கும் மேல்சுருதியை ட்வீட்டருக்கும் பிரித்தனுப்புகிறது. அதிலுள்ள கம்பிச் சுருள்கள் கெடுவதில்லை; அவற்றின் திசையை மாற்றினாலே ஒன்றோடொன்று குறுக்கிடும் என்பதால் தொடவே வேண்டாம். கெடக்கூடியது நான்-போலார், அதாவது பிளஸ், மைனஸ் வேறுபாடில்லாத எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர். சோதிக்க அதன் ஒரு காலைச் சால்டரிலிருந்து விடுவித்து அளக்க வேண்டும், பலகையில் இருக்கும்போது அளந்தால் அளவு பொய்யாகும். எழுதியிருக்கும் மதிப்பிலிருந்து பத்து சதவீதத்துக்கு மேல் விலகியிருந்தால் இரண்டு பெட்டிகளிலும் மாற்றுங்கள்.

அதே மைக்ரோஃபாரட் மதிப்பும், அதே அல்லது கூடுதல் வோல்ட் தாங்கும் அளவும் வேண்டும். 4.7 கிடைக்காவிட்டால் 3.3-ஐயும் 1.5-ஐயும் பக்க இணைப்பாக (பேரலல்) இணைத்தால் 4.8 வரும், அது போதும். கடையில் எளிதாகக் கிடைக்கும் சாதாரண, ஒரு பக்கம் மைனஸ் கோடு போட்ட கெப்பாசிட்டரைத் தனியாகப் போடக் கூடாது, ஏனெனில் ஸ்பீக்கரில் ஓடுவது திசை மாறும் மின்சாரம். ஃபிலிம் கெப்பாசிட்டர் போட்டால் ஆயுள் கூடும். ஆனால் அதன் உள்தடை குறைவாக இருப்பதால் ட்வீட்டர் சற்றே கூர்மையாகக் கேட்கக்கூடும். காது கூசினால் வரிசையில் அரை ஓம் ரெசிஸ்டர் சேர்க்கலாம். விலை உயர்ந்த கெப்பாசிட்டர்களால் மேலும் இனிமை வரும் என்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. ஒலியளவுத் திருகு இருக்கும் மாடல்களில் கான்டாக்ட் கிளீனர் தெளித்து இருபது முறை திருகினால் கரகரப்பு போய்விடும்.

பெட்டி

அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் எட்கர் வில்ச்சூர் 1954-இல் மூடிய சிறு பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே சுருள்வில்லாகப் பயன்படுத்தும் ஏஆர்-1 ஸ்பீக்கரைக் கொண்டுவந்த பிறகுதான், அலமாரியில் வைக்கும் அளவுப் பெட்டியிலிருந்து உண்மையான கீழ்ச்சுருதி சாத்தியமாயிற்று. அந்த வகையில் காற்றுக் கசிந்தால் எல்லாம் போயிற்று. ஆகவே மூட்டுகளைச் சுற்றி உள்ளே விரலால் தடவி, விரிசல் இருந்தால் மரப்பசையை ஓடவிட்டு நிரப்புங்கள். திருகு துளைகள் தளர்ந்திருந்தால் மூங்கில் குச்சியைச் சீவிப் பசையோடு செருகி, காய்ந்ததும் ஒட்ட வெட்டிவிட்டுத் திருகுங்கள். பழைய மரத்துகள் பலகையைவிட மூங்கில் நன்றாகப் பிடிக்கும்.

வெளிப்பூச்சு பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் மரத்தோல் மட்டுமே. இயந்திரத்தால் தேய்த்தால் அடிப்பலகை தெரிந்துவிடும். 240 எண் உப்புத்தாளால் ரேகை ஓடும் திசையில் கையால் தேய்ப்பதோடு நிறுத்துங்கள். எழும்பிய இடத்தில் ஊசியால் பசை ஏற்றி, மெழுகுத்தாள் வைத்து, மேலே எடை வையுங்கள். நம் ஊர்ப் பழைய மரவீடுகளுக்குப் பூசும் மண்ணெண்ணெய்க் கசடு போன்ற கறுப்பு நில எண்ணெயைச் சிலர் இதற்கும் சிபாரிசு செய்வார்கள். கரையானுக்கு அது நல்ல மருந்தாக இருக்கலாம், ஆனால் வரவேற்பறையில் அந்த வாடையோடு யாரும் பாட்டுக் கேட்க முடியாது. ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தடவித் துடைத்தால் போதும். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் எறியாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியில் காயப் போட்டுப் பிறகு எறியுங்கள்.

மீண்டும் பூட்டுதல்

பஞ்சு, கிராஸ்ஓவர், வயர் என்ற வரிசையில் திருப்பி வையுங்கள். பழைய கேஸ்கெட் உதிர்ந்திருந்தால் மெல்லிய ஃபோம் நாடா ஒட்டுங்கள். திருகுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முறுக்க வேண்டும். பூட்டிய பின், மூடிய பெட்டியானால் கூம்பை மெதுவாக அழுத்தி விடுங்கள். அது தயங்கித் தயங்கி வெளியே வர வேண்டும். சட்டென்று குதித்தாலோ ‘ஸ்ஸ்’ என்று கேட்டாலோ எங்கோ காற்றுக் கசிகிறது.

1.5 வோல்ட் பேட்டரியின் நேர்முனையைச் சிவப்பு முனையிலும் எதிர்முனையை மற்ற முனையிலும் ஒரு கணம் தொடுங்கள். பெரும்பாலான ஸ்பீக்கர்களில் கூம்பு வெளியே வரும். சில பழைய அமெரிக்க மாடல்கள் எதிர்த்திசையில் போகும்படியே செய்யப்பட்டவை. முக்கியம் என்னவென்றால் இரண்டு பெட்டிகளும் ஒரே திசையில் போக வேண்டும். ஒன்று உள்ளே, மற்றது வெளியே போனால் நீங்கள் இத்தனை பாடுபட்டு மீட்ட கீழ்ச்சுருதியை இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஆம்ப்ளிஃபையர் பழையதென்றால், ஸ்பீக்கரை மாட்டும் முன் அதன் முனைகளில் நேர்மின்சாரம் 50 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் அது புதிய வளையத்தோடு காயிலையும் சேர்த்துச் சாப்பிட்டுவிடும்.

முதல் ஒரு மணி நேரம் குறைந்த ஒலியில் ஒரு பழைய மோனோ பாட்டைப் போடுங்கள். குரல் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில், காற்றில் நிற்பதுபோல் கேட்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்து கேட்டால் இரண்டு பெட்டிகளையும் இடம் மாற்றி வையுங்கள்: சாய்வு பெட்டியோடு நகர்ந்தால் மீண்டும் திறக்க வேண்டியதுதான், அதே பக்கத்தில் நின்றால் கோளாறு ஆம்ப்ளிஃபையரிலோ அறையிலோ இருக்கிறது. மாமா வீட்டில் அது இடப்பக்கமே நின்றது. தெருவைப் பார்த்த பெரிய சன்னலை அவர் சாத்தியதும் குரல் நடுவுக்கு வந்தது.